பாட்டு நிற்கிற ரேடியோ

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம், பழைய கப்பலில் இருந்து கழற்றிய சின்னப் படகு ஒன்றை ஏலத்தில் எடுத்தார். ஓட்டையை அடைத்து, நீலப் பெயின்ட் அடித்து, எண்ணூரில் நெட்டுக்குப்பத்துக் கரையில் போட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு ராயபுரத்தில் ரயிலேறிப் போய், ஆளுக்கொரு துடுப்பு பிடித்துக் கொஞ்ச தூரம் கடலுக்குள் போய்விட்டு வருவோம்.

"மீனும் புடிக்கல, ஆளும் ஏத்தல. இன்னாத்துக்கு நைனா போறீங்கோ?" என்று கரையில் கேட்பார்கள்.

"சும்மா" என்பார் இவர். அதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் ஏதோ கடத்துகிறோம் என்று பேச்சு இருந்ததாம்.

ஒரு மார்கழிக் காலையில் பனியும் ஆலைப் புகையும் சேர்ந்து கரையை மூடிவிட்டன. இரண்டு மணி நேரம் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் அலைந்தோம். வீட்டுக்கு வந்ததும், காம்பஸ் வாங்காமல் இனி படகில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இவருடைய தோஸ்து ஒருவர் திருவொற்றியூரில் ஒரு ஆலையில் எலக்ட்ரீஷியன். அவர்தான் குறுக்கே வந்தார். "காம்பஸ் வடக்கத்தான் காட்டும். வடக்க உனக்கு இன்னா வேலை? டிரான்சிஸ்டர் வாங்கு மாமு. மெட்ராஸ் ஸ்டேஷனப் போட்டு மெதுவா சுத்து. பெட்டியோட முனை ஸ்டேஷனப் பாத்துச்சுன்னா பாட்டு அடங்கிடும். அந்தப் பக்கம்தான் மெட்ராஸ்."

எனக்கும் வீட்டில் ரேடியோ இல்லாத குறை இருந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் போன ரேடியோ கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. முதலில் தேக்குப் பலகை அடித்த பெரிய செட்டை வைத்தார். குரல் கணீரென்று வந்தது. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. இவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பாட்டு நிக்கல" என்றார் குறையாக.

"நிக்கவே நிக்காது சார். நல்ல செட்டு."

"நிக்கணுமே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அடுத்ததாகத் தோலுறை போட்ட செட் ஒன்று வந்தது. எப்படிச் சுற்றினாலும் அது கொஞ்சம் கம்மியதே தவிர அடங்கவில்லை. தெருவில் போனவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பாட்டு கேக்கத்தானம்மா ரேடியோ வாங்குவாங்க. சார் நிறுத்தறதுக்கு கேக்காங்களே?" என்று கடைக்காரர் என்னிடமே கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பிளாஸ்டிக் செட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "மேசையில ஒரு பக்கமாத் திருப்பி வச்சா பாட மாட்டேங்குதுன்னு ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டுப் போனது இது. இதை விக்க எனக்கே மனசில்ல."

இவர் சுற்றினார். பாதிச் சுற்றில் பாட்டு தொண்டையடைத்த மாதிரி நின்றது. இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தேக்குப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நான் கடையை விட்டு இறங்கினேன்.

மறு ஞாயிறும் பனி இறங்கியது. இவர் அதற்காகவே காத்திருந்தவர் போலக் கரை மறையும்வரை துடுப்புப் போட்டார். பிறகு செட்டை மடியில் வைத்துச் சுற்றினார். பாட்டு அடங்கியது.

"அதோ மெட்ராஸ்" என்று கை காட்டினார்.

"எந்த முனை? அந்த முனையா, இந்த முனையா?" என்று கேட்டேன்.

பெட்டிக்கு இரண்டு முனை இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முழுச் சுற்றுச் சுற்றினார். பாட்டு இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று மெட்ராஸ் என்றால் மற்றது நேர் எதிர்ப் பக்கம். கொஞ்ச நேரம் அவர் சொன்ன பக்கம் போனோம், கொஞ்ச நேரம் நான் சொன்ன பக்கம் போனோம். கடைசியில் துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம்.

பனிக்குள்ளிருந்து ஒரு கட்டுமரம் வந்தது. அதில் நின்றிருந்த பெரியவர் எங்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா? கரை அந்தாண்ட கீது, டீக்கடைப் பாட்டு இந்தாண்டேந்து வருதேன்னு நான் பேஜாராப் பூட்டேன்" என்றார்.

இவர் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை. "என் பின்னாலயே வாங்கோ. பாட்ட மட்டும் நிறுத்தாதீங்கோ. சத்தம் கேட்டாத்தான் நீங்க வந்துகினு கீறீங்கன்னு எனக்குத் தெரியும்."

கரை சேரும்வரை அந்தச் செட்டைப் பாட்டு நிற்காத பக்கமாகவே திருப்பிப் பிடிப்பது என் வேலை. இவர் தனியாகத் துடுப்புப் போட்டார்.

மறுநாள் தோஸ்து வந்து நடந்ததைக் கேட்டார். "ரெண்டு முனையும் காட்டும்னு நான் சொல்லல?"

"சொல்லல" என்றார் இவர்.

"அப்ப மறந்துட்டேன்" என்றார். நான் கொண்டுவந்து வைத்த காபியை அவர் நிதானமாக ஆற்றிக் குடிக்க, இவர் எதிரே உட்கார்ந்து, இந்த ஆளுக்குக் காபி வேறா என்பதுபோல அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.