சிடியில் வராத குரல்

"புள்ள பேசவே இல்லியேம்மா!"

ஜைனம்பு அம்மா சிடியை என் மேசையில் வைத்தார்.

2006. பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஜைனம்பு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, துபாயில் இருக்கும் மகன் ரஃபீக்குடன் வெப்கேமில் பேசுவார். கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மகன் வெளிநாடு போனது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சே கிடையாது. முந்தின நாள், வெள்ளிக்கிழமைதான் ரஃபீக் வெப்கேமில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் வீட்டு டிவியில் பார்க்கட்டும் என்று அதைச் சிடியில் பதிந்து தந்தது நான்.

இலவசமாகக் கிடைத்த ஸ்க்ரீன் ரெக்கார்டர். சிவப்புப் புள்ளி எரிந்ததும் நம்பிவிட்டேன், போட்டுப் பார்க்கவில்லை. படத்தோடு, மைக்கில் விழுந்த ஒலியை மட்டுமே அது பதிந்திருந்தது. ரஃபீக்கின் குரல் ஹெட்போன் வழியாக அம்மாவின் காதோடு போய்விட்டது.

"உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரும்மா?"

"'எங்கிட்ட பேசப் புடிக்காம வாய மட்டும் அசைக்கிறான்'னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கஞ்சிகூட வாணாங்கறாரு."

அடுத்த வெள்ளி ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்தேன். பத்து விநாடி பதிந்து கேட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிஷம் கீபோர்டத் தொடாதீங்க" என்று மற்ற கேபின்களில் சொன்னேன்.

"பரீட்ச ஹாலாங்க இது?" என்றவரும் கையைக் கட்டிக்கொண்டார்.

தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்ற அமைதி. திரையில் ரஃபீக்கின் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்து, மெல்லக் கூடியது.

"சொல்லுடா," என்றார் அம்மா.

"போன வாரமே சொல்லிட்டேனேம்மா. திரும்ப வர மாட்டேங்குது."

முகம் அப்படியே உறைந்து நின்றது. நெட் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு உதடு அசைந்தது.

"அத்தா... மாத்திர போட்டீங்களா?"

அப்பாவிடம் அவன் கேட்டது அவ்வளவுதான். அதையே சிடியில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஜைனம்பு அம்மாவிடம் கேட்கவே பயமாக இருந்தது. அவரே சிரித்துக்கொண்டு வந்தார். "டிவியப் பாத்து 'போட்டுட்டேன்டா'ங்கறாரு. சிடியத் திரும்பப் போடச் சொன்னாரு. திரும்பவும் 'போட்டுட்டேன்டா'ங்கறாரு. பைத்தியக்கார மனுசன்!"

இப்படிப் பதிவு செய்யும் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பத்து விநாடி பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் கேட்காமல் விட்டதால் ஒரு தகப்பனார் ஏழு நாள் தன்னை யாருக்கும் வேண்டாதவராக நினைத்துக் கிடந்தார். இப்போது என் மகள் வெளியூரில் இருக்கிறாள். வீடியோவில் அவள் முகம் வந்த பிறகும், குரல் வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.