அண்ணன் வீட்டுப் பாதையில் நான் கட்டிய சுவர்

குற்றாலத்தில் சாரலுக்கு நடுவே, இந்த ஈரத்தில் வேலை ஓடாது என்று எல்லாரும் கைவிட்டுப் போன இடத்தில், மூன்று மாடி லாட்ஜ் எழுப்பினது நான். குத்துக்கல்வலசையில் முள்காடாகக் கிடந்த மனையில் மச்சு வீடு போட்டது நான். எங்கள் கோயில் கோபுரத்துக்கு அஸ்திவார வானம் தோண்டினபோது தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு என்ஜினியர்கள் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். அந்தக் கோபுரம் இன்று தென்காசி பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரிகிறது. அதன் உச்சிச் சிலுவை என் தோளில் ஏறித்தான் மேலே போனது. அஞ்சாம் வகுப்போடு நின்று சாந்துச்சட்டி தூக்க வந்தவன் செய்த வேலை இவ்வளவும்.

இவைபோக ஒரு சுவரும் கட்டினேன். எட்டடி உயரம். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை.

சபை மலரில் என்னைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார்கள். அதில் அந்தச் சுவர் இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

அப்பாவால் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடிந்தது. அண்ணன் படித்து வாத்தியார் ஆனார். மனையைப் பிரித்தபோது தெருவை ஒட்டிய முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு. என் பாதி வழியாக அவர் தெருவுக்கு வருவார். வாய்ப்பேச்சுதான், பத்திரத்தில் கிடையாது.

ஒரு அசனப் பண்டிகை. சபையே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற நாள். கோபுரத்துக்கு நான் போட்ட பிளானைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்து சொன்னார்:

“பிளான எங்கிட்ட ஒருக்கக் காமிக்கச் சொல்லுங்க. அவன் கையெழுத்தே கோழி கிண்டுன மாரி இருக்கும்.”

பந்தி சிரித்தது. “வாத்தியாரே, தம்பியப் பெஞ்சு மேல ஏத்திராதிய” என்றார் ஒருவர். அதற்கும் சிரிப்பு. பாதி இலையில் நான் எழுந்துவிட்டேன். அந்த வாரமே அண்ணனின் பாதையில் சுவர் ஏறியது. அதன்பின் அவர்களுக்குக் கால்வாய்க் கரைச் சந்துதான் வழி. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து.

பதினோரு வருஷம் நாங்கள் பேசவில்லை. கோயிலில் ஒரே வரிசையில்தான் உட்காருவோம், நடுவில் ஓர் ஆள் விட்டு. திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பார்கள். பீடத்திலிருந்து கைக்குக் கை வரும். அண்ணன் நடு ஆளின் கையில் கொடுப்பார், நடு ஆள் என் கையில் கொடுப்பார். நானும் வாங்கிக்கொள்வேன்.

“இந்தச் செவுத்த வச்சுக்கிட்டு எப்படிங்க பீடத்துல போயி கை நீட்டுதிய?” என்றாள் என் மனைவி.

“ஏட்டி, நீ ஒன் சோலியப் பாரு.”

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். “மைனி ஒத்தையில பொரட்ட முடியாமக் கெடந்து அழுதாவ” என்று அண்ணியைப் பற்றி மனைவி வந்து சொன்னதும் போனேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் என் அடுப்படியில் கேட்கும். ஆனாலும் தெருவைச் சுற்றி, கால்வாய்க் கரை ஏறி, சந்து வழியாகத்தான் போனேன்.

மூன்று வருஷம் தினமும் காலையில் போனேன். மலமூத்திரம் துடைத்தேன். குளிப்பாட்டினேன். புண் வராமல் புரட்டிப் போட்டேன். சவரம் செய்தேன். பிறனை நேசி என்ற கட்டளைக்கு இதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு கர்வமே இருந்தது. அண்ணனும் குழறின வாயால் கேலி பேசுவார்.

“ஏலே, பூச்சு வேல மாரி இழுக்காத. இது மூஞ்சிடே.”

சுவரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ‘இடிச்சிரு’ என்று ஒரு வார்த்தை கேட்டால் அன்றைக்கே இடித்துவிடலாம் என்று இருந்தேன். கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஒருநாள் சொன்னார்: “இங்கன வெளிச்சமே இல்லடே.”

அவர் கட்டிலுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே என் சுவர். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மறுநாள் டியூப்லைட் வாங்கிவந்து மாட்டினேன்.

“இப்ப எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு” என்றார். பார்வை ஜன்னலில்தான் இருந்தது.

ஆடி மாதம் ஒரு காலை. சாரல் விடவில்லை. அண்ணனுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் என் வாசலில் வந்து நின்றது. ஸ்டிரெச்சர் சந்து முனையில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக, சேற்றுக் கரையில் அடி அடியாகத் தூக்கிவந்தோம். பின்னால் பிடித்தது நான். இரண்டு தடவை இறக்கிவைத்தோம். மழை அவர் முகத்தில் விழுந்தது, துடைக்க எனக்குக் கை இல்லை.

வண்டியில் ஏற்றும்போது டிரைவர் கேட்டார்: “இந்தச் செவுரு இல்லன்னா நேரா வந்துருக்கலாமே. யாரு கட்டுனது?”

மைனி என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அண்ணன் போய்விட்டார்.

உடலைச் சந்து வழியாகவே வீட்டுக்குக் கொண்டுபோனோம். மறுநாள் பெட்டியில் வைத்து ஜெபமும் முடிந்தது. வெளியே எடுக்கும்போது சந்துத் திருப்பத்தில் பெட்டி மாட்டியது. “சரிச்சுப் பிடிங்க” என்றார் ஒருவர்.

“அவுகள சரிக்காதிய” என்றாள் மைனி. அவ்வளவுதான் சொன்னாள்.

சம்மட்டியை நானே எடுத்தேன். என் வேலை லேசில் விழாது. கம்பி எங்கே ஓடுகிறது என்று எனக்குத்தான் தெரியும். சபை குடை பிடித்து நிற்க, குருவானவர் நிற்க, அரைமணி நேரம் அடித்தேன். அண்ணன் என் முற்றம் வழியாகத் தெருவுக்குப் போனார். உயிரோடு ஒருநாள் போயிருந்தால் போதும்.

கல்லறையில் குருவானவர் என் பணிவிடையைப் புகழ்ந்தார். மலருக்கு எழுதினவர்களும் லாட்ஜ், வீடு, கோபுரம், அண்ணனைப் பார்த்துக்கொண்டது என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினார்கள். மைனியிடம் கேட்டதற்கு, “தம்பி நல்லாத்தான் பாத்துக்கிட்டாவ” என்றாளாம். சுவரைப் பற்றி அவளும் சொல்லவில்லை.

அரைகுறையாகப் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கோபுரத்துக்கு நூறு பேர் கல் சுமந்தார்கள், அதில் என் பங்கு பாதிதான். இந்தச் சுவருக்கு வேறு ஆள் கிடையாது. வானம் தோண்டினது முதல் பூச்சு வரை முழுதும் நான். போட்டோவுக்குக் கீழே அதையும் என் பெயரில் போடுங்கள். டியூப்லைட்டையும் சேர்த்து.