மெய்ப்பு: அஹமது கபீர்

‘அஹமது கபீர், இஸ்லாமியச் சட்டவியல் வல்லுநர்’ என்கிறது ஒரு சங்கத்தின் ஆண்டு மலர். ஆசாமி சிங்கப்பூர் ஜாலான் புசாரில் அச்சகம் ஒன்றில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவர்.

பதினொரு வருடத்துக்கு முன் அந்த அச்சகத்தில் இஸ்லாமியச் சட்ட வரலாறு பற்றிய நூல் ஒன்று அச்சானது. இரண்டாம் பக்கத்தின் அடியில் பிழை திருத்தியவர் என்ற பொருளில் ‘மெய்ப்பு: அஹமது கபீர்’ என்று போட்டார்கள். மலர்க்குழு அதை ‘மெய்ப்பித்தவர்’ என்று படித்துக்கொண்டது. அவர் மறுத்தார். மறுக்க மறுக்க, “என்ன அடக்கம்!” என்று மதிப்புதான் ஏறியது. கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

சென்ற மாதம் செங்காங்கிலிருந்து சம்சுன்னிசா என்ற பெண் வந்தாள். கப்பல் வேலைக்குப் போன கணவனைப் பற்றி ஆறு வருடமாகத் தகவல் இல்லை.

“விலகிக்கலாம்னு பாக்குறேன் அண்ணே. அவரோட அண்ணன் விட மாட்டேங்கிறார். நாம ஹனஃபி சட்டப் பிரிவாம், என் வீட்டுக்காரர் வயசுக்காரங்க எல்லாரும் மௌத்தாகுற வரைக்கும் காத்திருக்கணுமாம். புக்கைக் காட்டுறார் லா. உங்க புக்குதான்.”

“நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம்.” கபீர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். மூன்று முறை பிழை பார்த்த நூல் மறப்பதில்லை. “அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லும்மா. பொம்பளைங்க படுற பாட்டைப் பாத்துட்டு, பின்னாடி வந்த ஹனஃபி ஆலிம்களே மாலிக்கிப் பிரிவோட, நாலு வருஷம் காத்திருந்தா போதும்கிற கெடுவை எடுத்துக்கிட்டாங்க. சட்டம் மனுசனுக்குச் சுமையைக் குறைக்க வந்ததுன்னு அதுக்கு நியாயமும் சொல்லியிருக்கு.”

“அவர் ஏன் அதைப் படிக்கல?”

“வேண்டியது முந்தின பக்கத்துலயே கிடைச்சிடுச்சே.”

சிரித்துவிட்டாள். உடனே முகம் மாறியது. “நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே. வல்லுநர் சொன்னா அவர் வாயைத் திறக்க மாட்டார்.”

பதினொரு வருடமாகச் சுமந்த பொய்ப்பட்டம் முதன்முதலாக ஒருத்திக்கு உதவக் காத்திருந்தது. கபீர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் எழுத்துப்பிழை பாக்குறவன்மா. உன் வீட்டுக்காரரோட அண்ணன் நாளைக்கு வேற ஆளோட கையெழுத்தைக் கொண்டு வருவார். ஷரியா கோர்ட்டுல மனு போடு, அவங்க சொன்னாத்தான் செல்லும்.”

“தனியாவா?”

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவளுடன் நீதிமன்றம் போனார். போகும் வழியில், அவள் எழுதி வைத்திருந்த விவரத்தாளில் மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்.