பாஸ் ஓவர் கேட்க எழுந்தவள்

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு பௌர்ணமி நாள். திருவண்ணாமலை கோர்ட்டில், வக்கீல்கள் உட்காரும் நாற்காலிகளுக்குப் பின்னால் கேஸ் கட்டுகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கோர்ட் படி ஏறிய முதல் ஆள் நான்தான். கேஸுக்காகக்கூட யாரும் போனதில்லை. அத்தாவுக்கு மெத்தை, தலையணை தைக்கும் கடை. நான் சட்டம் முடித்துக் கருப்புக் கோட்டோடு வந்தபோது வீட்டில் பிரியாணி போட்டுக் கொண்டாடினார்கள். அதற்கப்புறம்தான் கூத்து. ஜூனியராகச் சேர ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினேன். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "யார் பொண்ணும்மா நீ?" அப்பா வக்கீலா, மாமா ஜட்ஜா என்று அதற்கு அர்த்தம். மெத்தைக் கடை என்றதும் "பாக்கலாம்மா" என்பார்கள். ஒருவர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனால் வேலையை விட்டு நின்றுவிடுவாய்தானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சீனியர் சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வாய்த்த வேலை, கட்டு தூக்குவது, வருகிற கட்சிக்காரர்களை உட்கார வைத்து அவர்கள் கதையைக் கேட்பது. கோர்ட்டில் எனக்கிருந்த வசனமும் ஒன்றுதான். சீனியர் வரத் தாமதமானால் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்க வேண்டும். கேஸைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று பொருள். வீட்டில் எனக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். கோர்ட்டிலோ அந்த இரண்டு வார்த்தையே பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. இதற்கா இவ்வளவு படித்தோம் என்று வெறுத்துப்போய், அந்த மாதத்தோடு கோட்டைக் கழற்றிவிட்டு ஏதாவது கம்பெனி வேலைக்குப் போவதென்று முடிவே செய்திருந்தேன்.

அன்றைய கேஸ் ஓர் அக்காவுடையது. விவசாயக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு, வேங்கிக்கால் பக்கம் அவர் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். கொழுந்தன்மார் இருவரும் வீடு எங்களுடையது என்று வந்து நின்றார்கள். அக்காவை வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் போட்டிருந்த தற்காலிகத் தடை அன்றோடு முடிகிறது. அதை நீட்டிக்காவிட்டால் சாயந்திரமே அந்தக் கதவில் வேறு பூட்டு தொங்கும். அக்கா அங்கே குடியிருக்கவே இல்லை, வீடு பூட்டித்தான் கிடக்கிறது என்பது கொழுந்தன்மார் தரப்பு. பூட்டிய கதவைப் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

சீனியர் போளூர் கோர்ட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். கிரிவலக் கூட்டம். வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காலையில் ஒரு தடவை பாஸ் ஓவர் வாங்கிவிட்டேன். மறுபடி கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. எழுந்து அதே பாட்டைப் பாடினேன். தடையை நீட்டிக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "உங்க வக்கீல் வரலையேம்மா, என்ன பண்றது?"

அக்கா யோசிக்கவே இல்லை. "எங்க வக்கீலு வந்துட்டாங்களே ஐயா. இதோ நிக்கிறாங்க" என்று கையை நீட்டினார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ வக்கீல் வந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் கொழுந்தன்மார்தான் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டே சிரித்தது. இந்த அக்காவுக்குப் பைத்தியமா, வீடே போகப்போகிறது, போயும் போயும் என்னைக் காட்டுகிறாரே என்று பதறினேன். வக்காலத்துப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இருந்தது, சீனியர் பெயருக்குக் கீழே கடைசியாக. "அப்ப பேசுங்க" என்றார்.

படித்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயிற்று. அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆபீஸில் என்னிடம் பேசும்போதும் அப்படித்தான் செய்வார். அதில் என்ன முடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, வீடு பூட்டியிருக்குன்னு போட்டோ குடுத்திருக்காங்க. பூட்டினதே எங்க கட்சிக்காரர்தான். தனியா இருக்கறவங்க வெளிய போனா பூட்டிட்டுத்தான் போவாங்க. இன்னைக்கும் பூட்டிட்டுத்தான் வந்திருக்காங்க. அந்தப் பூட்டுக்குச் சாவி இவங்ககிட்ட இருக்கு. அவங்ககிட்ட இருந்தா காட்டச் சொல்லுங்க."

ஆரம்பத்தில் நடுங்கிய குரல், முடிக்கும்போது வீட்டு லவுட் ஸ்பீக்கராகவே மாறிவிட்டது. அக்கா முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தூக்கிக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பிக் கொழுந்தன்மாரைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வாய்தா வரை தடை நீடித்தது.

வெளியே வராண்டாவுக்கு வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "என்னை நம்பி எப்படிக்கா சொன்னீங்க? நான் உளறியிருந்தா வீடே போயிருக்குமே!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதென்ன பாப்பா கேக்கற? மொத நாள்லேருந்து நீதான எங்க வக்கீலு? நான் சொன்னதெல்லாம் நீதான கேட்டுக்கின. அந்தப் பெரியவரு உனக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வர்றவருன்னு இல்ல நெனச்சேன்!"

கோர்ட்டுக்குள் வாங்கிய அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வேறு வழியில்லாமல் என்னைக் காட்டியிருக்கிறார், இல்லை என் மேல் இரக்கப்பட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. இத்தனை மாதமாக நான் வக்கீல் என்பது தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

கோட்டைக் கழற்றவில்லை. இப்போது எனக்கென்று சின்னதாக ஓர் ஆபீஸ் இருக்கிறது. சேர வரும் பெண்களை வந்த வாரமே எழுந்து பேசச் சொல்கிறேன். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே பேசுகிறார்கள். ஊரே யார் பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டை இழக்கவிருந்த அந்த அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை, அதனால்தான் இன்று "வக்கீல் எங்கே?" என்று நீதிபதி கேட்டால் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.