அத்தான் செய்த உருளைக்கிழங்குப் பிரட்டல்

லண்டனிலிருந்து வந்த அக்காவும் அத்தானும் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் மூன்று கிழமை தங்கினார்கள். முதல் கிழமை முழுவதும் அத்தான் என் சமையலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதற்குக் குறை சொன்னார். எண்ணெய் கூட, புளி கூட, கறித்தூள் வறுத்தது காணாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுங்கோ. உருளைக்கிழங்குப் பிரட்டல் நான் செய்யிறன்."

நாங்கள் எடுத்த ரெஸ்ட் இதுதான்: அக்கா வெங்காயம் உரித்தாள், நான் கிழங்கு கழுவித் தோல் சீவினேன், கறிவேப்பிலை வாங்கச் சந்திக்குப் போய்வந்தேன். அத்தான் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் காஸ் அடுப்பின் பற்றவைக்கும் பொத்தானைக் கடற்காற்று தின்றுவிட்டதால் நெருப்புக்குச்சி கிழித்துத்தான் பற்றவைக்க வேண்டும். அதையும் அக்காதான் செய்தாள்.

கிழங்கை மட்டும் அவரே வெட்டினார். ஒவ்வொரு துண்டும் தீப்பெட்டி அளவு.

"அவிச்சுப் போட்டுப் பிரட்டினால் நல்லதப்பா," என்றாள் அக்கா.

"அவிச்சால் சத்தெல்லாம் போயிடும். உமக்கு இதுகள் விளங்காது."

அவர் முப்பது வருடமாகக் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவர். கிழங்கின் சத்தைப் பற்றி எங்கே படித்தாரோ. புகை வரும்வரை எண்ணெயைக் கொதிக்கவிட்டு அதற்குள் முதலில் மிளகாய்த்தூளைக் கொட்டினார். ஒரு நொடியில் தூள் கறுத்தது. என் மாமியார் அறைக்குள்ளிருந்து இருமினார். பக்கத்து பிளாட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"இதுதான் உண்மையான யாழ்ப்பாண வாசம்," என்றார் அத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மத்தியானம் எல்லோரும் மேசையில் இருந்தோம். கிழங்கு வெளியே கரி, உள்ளே பச்சை. கடித்தால் நறுக்கென்றது. உப்பு ஒரு கல் கூடினாலும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைக்கும் என் கணவர், "நல்லா வந்திருக்கு அண்ணை," என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். பல் கட்டிய மாமியார் ஒரு துண்டை வாயில் உருட்டியபடி, "ஆம்பிளையள் சமைச்சால் அதுக்கொரு ருசிதான்," என்றார். பதினாறு வருடமாக அவருக்குக் குழையக் குழையச் சமைத்துக் கொடுக்கிறேன். இப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு அந்த மேசையிலிருந்த எல்லோர்மேலும் அருவருப்பு வந்தது.

"எப்பிடி?" என்று அத்தான் என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அத்தான்," என்றேன். அந்த அருவருப்பில் என் பங்கும் சேர்ந்துகொண்டது.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் படுத்துவிட்டார். குசினிச் சுவரெல்லாம் எண்ணெய். அக்கா அடிப்பிடித்த தாச்சியைச் சுரண்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அங்கயும் இப்பிடித்தான். வருசத்துக்கு ஒருக்காச் சமைப்பார். பிறகு வருசம் முழுக்க அதைத்தான் கதைப்பார்."

"நீ ஒண்டும் சொல்றேல்லையா?"

"சொல்லி?"

மிச்சமாய் அரைச் சட்டி கிழங்கு கிடந்தது. எறிய மனமில்லாமல் கரியைக் கழுவி, துண்டுகளைச் சின்னதாக வெட்டி அவித்தோம். புதிதாக வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்து, என் கறித்தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு வற்றவைத்தோம். இறக்கும்போது அக்கா தேசிக்காய் பிழிந்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் நாங்கள் இருவரும் தனியாக நின்று கதைத்தோம்.

பொழுதுபட்டதும் அதைப் புட்டோடு வைத்தோம். அத்தான் ஒரு வாய் வைத்தார். மறுபடி ஒரு வாய். பிறகு என் கணவரிடம் திரும்பி, "பாத்தீரே, மத்தியானத்தைவிட இப்ப இன்னும் திறம். நான் போட்ட தூள் ஊற ஊறத்தான் பிடிக்கும்," என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. புட்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அத்தான்," என்றேன். சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.