ஒரே மாதிரி பதினொரு வாக்குமூலங்கள்

கடற்கரையில் உப்புக் காய்ச்சியவர்களைப் போலீஸார் தடியால் அடித்துக் கலைத்த மறுவாரம், மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் என்னைக் குப்பத்துக்கு அனுப்பினார். அடிபட்டவர்கள், அதைப் பார்த்தவர்கள் ஆகியோரின் வாக்குமூலங்களை எழுதி வர வேண்டும். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் நடத்திய விசாரணைக்கு அவை போகும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். பிழை வந்துவிடுமோ என்று எப்போதும் பயம். அதனால் வக்கீல் திருத்திக் கொடுத்த முதல் வாக்குமூலத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்ற பத்தையும் அதே வாக்கியங்களில் எழுதினேன். பெயரையும் காயத்தையும் மட்டும் மாற்றினேன்.

ஜட்ஜ் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். ‘சொல்லிக்கொடுத்த சாட்சி’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

வக்கீல் காகிதக் கட்டை என் முன்னால் போட்டார். “ஏன் ஓய், பதினோரு பேருமா ‘யாதொரு முகாந்திரமுமின்றி’ன்னு சொன்னா? மீன் விக்கறவ கூடவா?”

“பிழையில்லாம இருக்கணுமேன்னு...”

“பிழை இல்லை. மனுஷாளும் இல்லை. திரும்ப எழுதிண்டு வாரும்.”

மறுபடி வெயிலில் நடந்தேன். இன்னொரு தரம் அதைச் சொல்ல முடியாது என்று நாலு பேர் மறுத்துவிட்டார்கள். என் பயத்தால் அவர்கள் பட்ட அடி எங்கும் பதிவாகாமலே போயிற்று.

மீன் விற்கும் அந்த அம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கல்லெறிந்ததாகச் சிறையில் இருந்தான். அவன் கூட்டத்திலேயே இல்லை என்பதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி.

“இன்னா நைனா, அன்னிக்கு சொன்னத கடல்ல போட்டியா?”

விஷயத்தைச் சொல்லி, பழையதைப் படித்துக் காட்டினேன்.

“இது யாரு பேசறது? நானா?”

“நீங்க சொல்லுங்கம்மா, அப்படியே எழுதறேன்.”

“வல காயப்போட்டுக்கினு இருந்தாரு. முதுக காட்டிக்கினு நின்னவருக்கு இன்னா தெரியும்? முட்டியில போட்டான். அவரு வலய வுடல. வலயோட இஸ்துக்கினு போனாங்க. அறுந்து கீது பாரு, அத்தயும் எழுது.”

‘கீது’ என்று எழுதக் கை கூசியது. எழுதினேன். கைநாட்டு வைத்தாள்.

ஏழு வாக்குமூலங்கள் அறிக்கையில் சேர்ந்தன. சர்க்கார் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் புருஷன் தண்டனைக் காலம் முழுக்க உள்ளே இருந்துவிட்டு, முட்டி மடங்காமல் திரும்பினான்.

அந்தப் பக்கம் போக இன்றும் தயக்கம்தான். போனால் அவனை உட்கார வைத்துவிட்டு, “அத்த படி நைனா” என்பாள். பையிலிருந்து அவள் வாக்குமூலத்தின் பிரதியை எடுத்துப் படிப்பேன்.

“ஆமா,” என்பான் அவன், காலை நீட்டியபடி. “முதுகதான் காட்டிக்கினு இருந்தேன்.”