மண்டைதீவுச் சந்தியில் முடிஞ்ச படம்

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் எழுதிறன்: மூத்த பேரன் கம்பஸில் படிக்க எடுபட்டிட்டான். இளையவன் ஓட்டப்போட்டியில் முதலாமிடம். பேத்திக்குப் படிப்பிக்கிற வேலை கிடைச்சிட்டுது.

அந்தச் சந்தோசத்தில் அவள் இண்டைக்கு என்னை யாழ்ப்பாணத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவள்.

இப்பத்தைப் படங்களில் பாட்டுத்தான் கூட. இது நல்ல கதை. ஆனால் குற்றம் செய்யாமலே கொலைப்பழி சுமந்த கதாநாயகன்ரை தம்பிக்குத் தீர்ப்புச் சொல்ல நீதிபதி வாய் திறக்க, நாங்கள் எழும்பி ஓடினம். கடைசி பஸ்ஸை விட்டால் புங்குடுதீவுக்குப் போக ஏலாது. தீவார் எந்தப் படத்தின் முடிவைக் கண்டது?

பஸ்ஸில் பக்கத்தில், மீன் வித்துப்போட்டுத் திரும்பின ஒரு மண்டைதீவுப் பிள்ளை. அவளிட்டைப் புலம்பினன்.

"ஆச்சி, நான் அதைப் போன கிழமை பகல் காட்சியில் முழுக்கப் பார்த்தனான்" எண்டு தொடங்கினாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் தங்கடை கதையை விட்டிட்டுக் காது குடுத்தினம். உண்மையான கொலைகாரன் நீதிமன்றத்துக்குள் ஓடிவர, மண்டைதீவுச் சந்தி வந்திட்டுது. அவள் இறங்க மீன்கடகத்தைத் தூக்கினாள்.

"ஐயோ பிள்ளை, இறங்காதை!" எண்டன்.

"முழுக்கச் சொல்லிப்போட்டு இறங்குங்கோ அக்கா. அதுவரைக்கும் பஸ்ஸை எடுக்கமாட்டன்" எண்டார் டிரைவர்.

படியில் நிண்டு சொல்லி முடிச்சாள். தம்பி தப்பிட்டான். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. அந்தப் பிள்ளையும் டிரைவரும் நல்லாயிருக்கோணும்.

அந்தப் படத்துக்கு வேறை முடிவைப் பார்த்த ஆக்கள் உங்களுக்குள்ளை ஆரும் இருந்தால், அதை எனக்கு எழுத வேண்டாம். உங்கடை பிள்ளையளின்ர புதுப் போட்டோ ஒண்டை மட்டும் தபாலில் போட்டுவிடுங்கோ.